கற்பனை மாந்தருக்குக் கண்ணீர் தகுமா?

இல்லாத ஒருவருக்காக அழுவது அறிவுடைமையாகுமா? கண்ணெதிரே வாழ்வோரின் துயரங்கள் எண்ணற்றவை. அவற்றை விட்டுவிட்டு, எவரோ புனைந்த ஒரு பெண்ணுக்காக நெஞ்சம் உருகுவது நேர்மையான உருக்கந்தானா, அன்றி உள்ளம் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் ஒரு வித்தையா? இவ்வினா ஏட்டிலிருந்து எழுந்ததன்று. நம் இல்லத்துக் கூடத்திலிருந்து எழுந்தது.

நாம் குடியிருப்பது புதுவைக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பிள்ளைச்சாவடி. மீனவர் மிகுந்த ஊர். அலை அரித்துக் கரை குறுகிய ஊர். கடலுக்குச் சென்றவர் திரும்பும் நேரம் சற்றே தாழ்ந்தால், வீட்டுப் பெண்கள் கரைக்கு வந்து நின்று அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். நகரத்து மத்ரஸாவில் ஓதிக்கொடுத்துவிட்டு மாலையில் பேருந்தில் ஊர் திரும்புவது நம் வழக்கம். மகன் அருகிலுள்ள காலாப்பட்டில், 1985இல் தோன்றிய பல்கலைக்கழகத்தில் பயில்கிறான்.

சில திங்களுக்கு முன் ஓரிரவு, இஷாத் தொழுகை முடித்து வீட்டுக்குள் நுழைந்தோம். மகன் மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்தான். கண்கள் கலங்கியிருந்தன. தேர்வில் தவறினானோ, நண்பர் எவரேனும் மறைந்தாரோ என அஞ்சி வினவினோம். “ஒன்றுமில்லை அத்தா, வெண்பாவுக்காக” என்றான். யாப்பிலக்கணம் கற்ற நமக்கு வெண்பா என்றால் நேரிசையும் இன்னிசையுமே நினைவுக்கு வரும். அவன் சொன்ன வெண்பா ஒரு கணினி விளையாட்டில் வரும் தாய்.

விளையாட்டென்றால் சுட்டு வீழ்த்துவதும் வண்டி ஓட்டுவதுமே என எண்ணியிருந்தோம். இதுவோ வேறு வகை. கனடா நாட்டின் டொராண்டோ நகரில் ‘விசை கேம்ஸ்’ என்னும் சிறு நிறுவனம் உருவாக்கி, 2023 ஜூலையில் வெளியிட்டது. மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில், முதற்படைப்புக்கான பரிசு இதற்குக் கிடைத்தது. 1980களில் தமிழகத்திலிருந்து கனடாவில் குடியேறிய வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகிய மூவரின் வாழ்க்கையே கதை. அம்மூவர் பேசும் தமிழ் உலகெங்கும் சென்றிருக்கிறது.

விளையாடுபவன் முதன்மையாகச் செய்ய வேண்டியது சமைப்பது. வெண்பாவின் தாய் எழுதிவைத்த சமையற் குறிப்பேடு ஆண்டுகள் பலவாகிக் கிழிந்தும் மங்கியும் இருக்கிறது. விடுபட்டதை ஊகித்து இட்டலி அவிக்க வேண்டும், புட்டு அவிக்க வேண்டும், பிரியாணி சமைக்க வேண்டும். தட்டுகளை அடுக்கும் முறை தவறினால் இட்டலி கெடும். மகன் கவினோ, பள்ளித் தோழர்களைப் போலாக விரும்பித் தாய்மொழியிலிருந்தும் தாயின் அடுக்களையிலிருந்தும் சிறுகச் சிறுக விலகுகிறான். ஒருநாள் வீடு வருவதாகச் சொல்கிறான். தாய் பலவகை உணவும் சமைத்துப் பரப்பிவைத்துக் காத்திருக்கிறாள். அவன் வரவில்லை. நம் மகன் கண் கலங்கியது அவ்விடத்தில்.

கதையை நமக்கு விளக்கும் ஆவலில், அவன் அக்காட்சியை மீண்டும் நடத்திக் காட்டினான். நாமும் அருகமர்ந்து பார்த்தோம். அந்நேரம் அடுக்களையிலிருந்து நம் இல்லத்தரசியின் குரல் வந்தது: “சோறு ஆறுதுங்க, ரெண்டு பேரும் வாங்க.” இதோ வருகிறோம் என்றோம். சற்றுக் கழிந்து மீண்டும் அழைப்பு வந்தது. மூன்றாம் முறை அழைத்தபோது குரலில் அழைப்பு இல்லை, அயர்ச்சியே இருந்தது. அப்போதுதான் நமக்குச் சினம் பொங்கியது. “மகன் சாப்பிட வரவில்லையென்று இல்லாத ஒரு தாய்க்காகக் கண்ணீர் வடிக்கிறாய், உள்ளே இருக்கும் தாய் மூன்று முறை கூப்பிட்டும் எழ மாட்டாயா?” என்றோம். அவன் தலை குனிந்தான். பிறகு மெல்லச் சொன்னான்: “நீங்களும் எழலையே அத்தா.”

விடை சொல்ல நம்மிடம் ஒன்றுமில்லை. மீன் ஆணம் ஆறிப்போயிருந்தது. மூவரும் பேசாமல் உண்டோம்.

அன்று முதல் இவ்வினா நம்மை விடவில்லை. முதலில், அவ்வுணர்ச்சி பொய்யா என்று பார்ப்போம். ஆங்கில நாட்டு மெய்யியலாளர் காலின் ராட்ஃபோர்டு 1975இல் இதே வினாவை எழுப்பினார். டால்ஸ்டாயின் அன்னா கரீனினா என்றொருத்தி இருந்ததில்லை என்பதை அறிந்தும் அவளுக்காக வருந்துகிறோமே, இது எங்ஙனம் பொருந்தும் என்று கேட்டு, இது மனித இயல்பே ஆயினும் முரண்பாடுடையது என முடித்தார். ஆனால் அவருக்கு ஒன்பது நூற்றாண்டுகளுக்கும் முன்னரே, 1037இல் மறைந்த இப்னு ஸீனா இம்முடிச்சை அவிழ்க்க ஒரு வழி காட்டியிருக்கிறார். ஒரு செய்தியை உண்மையென ஏற்பது ‘தஸ்தீக்’. ஒரு சொல் உள்ளத்தில் ஓவியத்தை எழுப்ப, அதனால் உள்ளம் விரிவதோ சுருங்குவதோ ‘தக்யீல்’. இரண்டும் வெவ்வேறு என்பது அவர் கருத்து. தேனை உண்ணும் வேளையில், இது வாந்தியாய் வந்த பித்தம் போன்றது என ஒருவன் சொன்னால், அது பொய்யென அறிந்தும் நாவு கூசுகிறது. உணர்ச்சி நம்பிக்கைக்காகக் காத்திருப்பதில்லை. மனித உள்ளம் படைக்கப்பட்டிருக்கும் முறையே அது.

தமிழ் மரபும் இதற்கு மாறானதன்று. தொல்காப்பியம் மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அழுகையை வைத்து, பிறர் தன்னை எளிமையாக்குவதும், இழப்பும், நிலை தளர்வதும், வறுமையும் அதற்குக் காரணங்களாகும் என வகுத்தது. அகத்திணையில் வரும் தலைவனுக்கும் தலைவிக்கும் இயற்பெயர் சூட்டலாகாது என்பதும் அந்நூலின் விதியே. பெயரில்லாத, ஊர்ப்பதிவேட்டில் காண முடியாத தலைவியரின் பிரிவுத் துயருக்காகத் தமிழர் இரண்டாயிரம் ஆண்டுகளாக நெகிழ்ந்து வருகின்றனர். எனவே கணினித் திரையில் தோன்றும் வெண்பாவுக்காக இரங்கிய இளைஞனை அறிவிலி எனல் பொருந்தாது. அவன் பழைய வழியிலேயே நடந்திருக்கிறான். வாகனம் மட்டும் புதிது.

மத்ரஸாவில் ஓதிய நமக்கு இது புதுமையாகவும் இருத்தல் கூடாது. நாம் விரும்பி ஓதிய அரபுக் கிதாபுகளுள் ஒன்று, 1122இல் மறைந்த பஸராவின் ஹரீரி இயற்றிய மகாமாத். ஐம்பது மகாமாக்களிலும் ஊர் ஊராக வேடம் மாற்றித் திரிந்து, சொல் வன்மையால் கேட்போரை மயக்கிப் பொருள் பறிக்கும் அபூஸைத் அஸ்ஸரூஜி அதன் நாயகன். புனைந்துரைத்தோம் என்னும் பழி வருமோ என அஞ்சிய ஹரீரி, தம் முன்னுரையிலேயே மறுமொழி கூறிவிட்டார். விலங்குகளையும் உயிரற்றவற்றையும் பேசவைக்கும் நீதிக்கதைகளை யாரும் குற்றமென விலக்கவில்லையே என்பதும், செயல்கள் எண்ணங்களைக் கொண்டே மதிக்கப்படும் என்பதும் அவர் வாதம். புனைவு தன்னளவில் குற்றமன்று. அதை எழுதியவரின் நோக்கமும் படித்தவரிடம் விளைந்த விளைவுமே பார்க்கத்தக்கவை.

இங்கே நம் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாணவப் பருவத்தில் அந்த அபூஸைத் நமக்கு உற்ற தோழனாகவே ஆகியிருந்தான். ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊர் வருவதாகத் தாய்க்குக் கடிதம் எழுதியிருந்தோம். பெருநாள் விடுமுறையில் நண்பர் சிலர் கூடி, மகாமாத்தைத் தொடர்ந்து படித்து முடிப்பதென ஏற்பாடு செய்தனர். நாம் தங்கிவிட்டோம். இறுதி மகாமாவில் அபூஸைத் தன் தில்லுமுல்லுகளை விட்டுப் பாவமன்னிப்புத் தேடித் திரும்பும் இடத்தில் நாம் அனைவரும் கண்ணீர் சிந்தினோம். அடுத்த விடுமுறையில் ஊர் சென்றபோது தாய் ஒன்றும் கேட்கவில்லை. “படிப்பு முக்கியம்தானே” என்று மட்டும் சொன்னார்கள். இடியப்பமும் கறியும் ஆக்கிவைத்து, மாலைவரை உண்ணாமல் வாசலில் அமர்ந்திருந்தார்கள் என்பதை அவர்கள் மறைந்த பிறகே பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொல்லக் கேட்டோம். ஒரு கற்பனைப் போக்கிரி திருந்தியதற்கு அழுதோம். நம் தாய் காத்திருந்ததை அறியவும் இல்லை.

ஆதலின் நம் மகனைச் சாடிய சொல் முதலில் நம்மையே சாட வேண்டியது.

இனி, கதைக்கும் கணினி விளையாட்டுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஏட்டுக் கதையில் நாம் பார்வையாளர் மட்டுமே. விளையாட்டிலோ கை நம்முடையது. வெண்பா பரப்பிவைத்த அத்தனை உணவையும் சமைத்தவை விளையாடுபவனின் விரல்களே. எனவே மகன் வராதபோது வீணாவது அவளுடைய உழைப்பு மட்டுமன்று, இவனுடைய உழைப்புமாகும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் சிறு விளையாட்டு இத்துணை ஆழமாகப் பதிவதன் காரணம் இதுவே என எண்ணுகிறோம். பணம் வைத்தாடும் சூதுகளையோ, உணவும் உறக்கமும் மறக்கடிக்கும் அடிமைத்தனத்தையோ நாம் இங்கு ஆதரிக்கவில்லை. அத்தகைய மீறிய ஈடுபாட்டை உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய்ப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. நாம் பேசுவது, நல்ல புனைவின்மேல் நல்ல உள்ளம் கொள்ளும் பரிவு பற்றி.

அப்பரிவில் மறைந்திருக்கும் இடர் ஒன்று உண்டு. புனைவு மாந்தரை நேசிப்பது எளிது. அவர்கள் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. வெண்பா நம் மகனிடம் மின்கட்டணம் கட்டினாயா என்று வினவ மாட்டாள். சொன்னதையே திரும்பச் சொல்ல மாட்டாள். முழங்கால் வலியென்று இரவில் எழுப்ப மாட்டாள். அவள் துயரத்தின் முழுமையை ஆசிரியன் நமக்குக் காட்டிவிடுகிறான். அடுத்த அறையில் இருப்பவளின் துயரத்தைக் காட்ட ஆசிரியன் எவனுமில்லை. அதை நாமே எழுந்து சென்று பார்க்க வேண்டும். மேலும், விளையாட்டை மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம்; ஆறிய சோற்றைக்கூடச் சூடேற்றலாம்; மறைந்த தாயின் ஒரு பெருநாளை மீண்டும் தொடங்க வழியில்லை. செலவில்லாத இப்பரிவை ஒருவன் தன் நல்லுள்ளத்துக்குச் சான்றாகக் கருதிக்கொண்டு அமைதியுறுவானாயின், அங்கே அக்கண்ணீர் அவனை ஏமாற்றிவிட்டது.

ஆயின் அப்பரிவை விலக்குவதா? கூடாது. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில், மானுக்குப் பிணை நின்ற படலம் என ஒன்றுண்டு. அந்நிகழ்ச்சியின் அறிவிப்பாளர் தொடரில் குறை கண்ட ஹதீஸ் கலையினர் உண்டு. அந்த ஆராய்ச்சி வேறிடத்துக்குரியது. காப்பியத்தில் அது நிற்கும் நிலையே இங்கு நம் பொருள். வேடன் பிடித்த பெண்மான் ஒன்று, பாலுக்கு ஏங்கும் தன் கன்றை நினைத்துக் கலங்குகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணையாய் நின்று அதனை விடுவிக்கிறார்கள். மான் காடு சென்று கன்றுக்குப் பாலூட்டிவிட்டுச் சொன்ன சொல் தவறாமல் திரும்புகிறது. தமிழில் பிணை என்பது பெண்மானுக்கும் பெயர், பொறுப்பேற்றலுக்கும் பெயர். அப்படலத்தைச் சிறுவயதில் கேட்டபோது மானுக்காகவும் கன்றுக்காகவும் இரங்கினோம். இன்று நம்மைத் தொடுவது வேறொன்று. கட்டவிழ்ந்த மான் காட்டிலேயே தங்கிவிடவில்லை. கொடுத்த சொல்லை நிறைவேற்றத் திரும்பி வந்தது.

கதைக்குள் செல்லும் நெஞ்சமும் அந்த மானைப் போன்றதே. அன்றாட வாழ்வின் வலையிலிருந்து சிறிது நேரம் அது விடுபடுகிறது. தனக்குச் சொந்தமில்லாத ஒரு துயரத்தின்முன் நின்று பரிவு என்னும் பாலைச் சுரக்கிறது. அது நன்றே, சுரக்க மறந்த நெஞ்சைவிடச் சுரக்கும் நெஞ்சு மேலானது. ஆனால் அது திரும்பி வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறது என்பதை மறக்கலாகாது. வெண்பாவுக்காகச் சிந்திய ஒவ்வொரு துளியும், வீட்டிலிருக்கும் தாய்க்கு நாம் எழுதிக்கொடுத்த ஒரு கடன் சீட்டு. அதைத் தீர்ப்பவனுக்கு அக்கண்ணீர் மெய். தீர்க்காதவனுக்கு அது வெறும் ஈரம். உணர்ச்சி மெய்யா பொய்யா என்பதை அழும்போது அறிய முடியாது. அழுது எழுந்தபின் கால் எத்திசையில் நடக்கிறது என்பதைக் கொண்டே அறிய முடியும்.

அவ்விளையாட்டின் பிற்பகுதியில், வளர்ந்த கவின் தாயின் குறிப்பேட்டை எடுத்து, தடுமாறித் தடுமாறித் தமிழ் எழுத்துகளைப் படித்துச் சமைக்க முயல்கிறான் என்று மகன் சொன்னான். சென்ற வாரம் அவன் அடுக்களையில் நின்று, ஆணத்துக்குப் புளி எவ்வளவு கரைப்பது எனத் தன் தாயிடம் கேட்டுக்கொண்டிருந்தான். “கையளவுதான், எழுதியா வச்சிருக்கேன்?” என்று சிரித்தாள் அவள். அவன் ஒரு தாளில் எழுதிக்கொண்டான்.

நாமோ நேற்று இரவும் கிதாபை மூடிவிட்டு எழ இரண்டாம் அழைப்பு தேவைப்பட்டது. மூன்றாம் அழைப்புக்கு முன் எழுந்தோம். முதல் அழைப்பிலேயே எழும் நெஞ்சை எல்லாம் வல்ல இறைவன் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக.