கண்ணை மூடிக்கொள்!

கோடி கோடியாகக் கொட்டி எடுத்த படம் என்பர். கொட்டகைக்குள் நுழையும் முன்பே நம் தலை தாழ்ந்துவிட வேண்டும் என்பது அவர்தம் எண்ணம். பெரிய கோபுரத்தின் எதிரே நின்றதும் கேள்வி கேட்கும் நா அடங்கிப்போகும்; அதை அறிந்தே கோபுரம் உயர்த்தினர் அன்று. பெரிய திரையின் எதிரேயும் அதே அடக்கத்தை எதிர்பார்க்கின்றனர் இன்று. அன்று கல், இன்று ஒளி. வேறுபாடு அவ்வளவே!

இந்தப் பெரும்பொருட் படங்களை, வீரச்செயற் படங்களை, நாம் எப்படி மதிப்பிடுவது? தோழர்களிலே சிலர், "அத்தனையும் பித்தலாட்டம், பார்க்கவே கூடாது" என்கின்றனர். வேறு சிலர், "பொழுதுபோக்குத்தானே, அதிலே போய்ப் பகுத்தறிவைத் தேடுவானேன்?" என்கின்றனர். முன்னவர் பார்க்காமலே தீர்ப்பளிக்கின்றனர். பின்னவர் பார்த்த பின்னும் தீர்ப்பளிக்க மறுக்கின்றனர். இரண்டுமே சிந்தனைச் சோம்பல். எப்பொருள் எத்தன்மைத்தாயினும் ஆய்ந்து பார்ப்பதே நம் வழி எனில், திரைப்படத்துக்கு மட்டும் விதிவிலக்கு ஏன்?

ஆகவே ஒரு படத்தை எடுத்து நிறுத்துப் பார்ப்போம். 1981-ஆம் ஆண்டு வெளிவந்த 'ரைடர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்'. ஜார்ஜ் லூகாஸ் கதைக்கு வித்திட்டார். ஸ்டீவன் ஸ்பீல்பர்க் இயக்கினார். ஹாரிசன் ஃபோர்ட், இண்டியானா ஜோன்ஸ் என்னும் தொல்பொருள் பேராசிரியராக நடித்தார். ஏறத்தாழ 2 கோடி டாலர் செலவு. உலகெங்கும் இளைஞர் கண்டு களித்த படம்.

நிறைவை முதலில் சொல்வோம், நேர்மை அதுதான். படத்தின் கதாநாயகன் வேந்தனுமல்லன், வேந்தன் மகனுமல்லன். கல்லூரியிலே பாடம் சொல்லும் ஆசிரியன். அடிபடுகிறான், களைக்கிறான், பாம்பு என்றால் நடுங்குகிறான். அஞ்சாதவனே வீரன் என்ற பழைய புளுகு அங்கே இல்லை. அஞ்சியும் முன்செல்பவனே வீரன் என்று காட்டினர். பாராட்டுகிறோம். உருண்டு வரும் பாறைக்கு முன்னே அவன் ஓடும் காட்சியிலே நம் மூச்சு நிற்கிறது. ஓடும் லாரிக்கு அடியிலே இழுபட்டுச் செல்லும் காட்சியை உயிரைப் பணயம் வைத்துச் செய்து கொடுத்தவர், சண்டைக் கலைஞர் டெரி லியோனார்ட். சுவரொட்டியிலே முகம் வராத அந்தத் தொழிலாளரின் துணிவையும் சேர்த்தே போற்றுகிறோம்.

அதனினும் சிறந்தது ஒன்றுண்டு. ஜெர்மனியின் நாஜிப் படை, பழம்பேழை ஒன்றைத் தேடி எகிப்திலே தோண்டுகிறது. ஆள்பலம் அவர்களுக்கு, ஆயுதபலம் அவர்களுக்கு. ஆனால் அளவு குறித்த பதக்கத்தின் ஒரு பக்கம் மட்டுமே அவர்களிடம் இருந்தது. இரு பக்கத்தையும் படித்தறிந்தவன் ஜோன்ஸ். கோலின் உயரத்தைக் கணக்கிடுகிறான். கதிரொளி விழும் இடத்தைக் காண்கிறான். பகைவர் தவறான இடத்தில் தோண்டுவதை அறிகிறான். துப்பாக்கியை வென்றது கணக்கு! அரைகுறை அறிவை வென்றது முழு அறிவு! பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் உண்டோ?

ஆனால் முடிவு? அங்கேதான் நெஞ்சு உறுத்துகிறது. தொடக்கத்திலே மந்திரம், மாயம் என்பவற்றை நம்பாதவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட அதே பேராசிரியன், முடிவிலே தூணோடு கட்டுண்டு நிற்கிறான். பகைவர் பேழையைத் திறக்கின்றனர். அதிலிருந்து ஆவிகள் கிளம்புகின்றன. தெய்வத்தின் சினம் தீயாய்ப் பாய்ந்து பகைவரைப் பொசுக்குகிறது. பேராசிரியன் என்ன செய்தான்? தன் தோழியிடமும் சொல்லித் தானும் கண்ணை இறுக மூடிக்கொண்டான். பிழைத்தான்!

எண்ணிப் பாருங்கள். படித்தது உதவவில்லை, கணக்கு உதவவில்லை, உடல் வலிவு உதவவில்லை. கண்ணைத் திறந்தவன் செத்தான். கண்ணை மூடியவன் வாழ்ந்தான். அவன் பட்ட பாடெல்லாம் இல்லாதிருப்பினும் பகைவர் பேழையைத் திறந்தே இருப்பர், எரிந்தே போயிருப்பர். மனித முயற்சி வீண், மேலிருப்பது பார்த்துக்கொள்ளும் என்பதன்றி வேறென்ன இது? நாஜிக் கொடுமையை உலகில் வீழ்த்தியது வானத்துத் தீயன்று. கோடிக்கணக்கான மக்களின் குருதி. அந்த வரலாற்றின் மேல் பேழையின் மூடியைக் கவிழ்த்துவிட்டனர்!

வேடிக்கை இன்னும் இருக்கிறது. அந்த 'அற்புதம்' எப்படி உண்டாயிற்று? உருகி வழியும் முகம், ஊன்பசையால் வார்த்த பொம்மைத் தலை. அதற்குச் சூடேற்றி, மெல்லப் படம் பிடித்து, விரைவாக ஓட்டினர். அச்சுறுத்தும் பாறை, கண்ணாடி இழையால் செய்தது. சீறும் நாகத்துக்கும் நடிகருக்கும் இடையே ஒரு கண்ணாடித் தடுப்பு. ஒவ்வொன்றும் அளந்து, சோதித்து, பிழை திருத்திச் செய்த அறிவியல் வேலை. எந்தத் தெய்வமும் வந்து உதவவில்லை; எந்தக் கலைஞரும் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யவில்லை. படத்தின் கைகள் பகுத்தறிவு பேசுகின்றன. படத்தின் வாயோ பக்தி பேசுகிறது. அறிவு சமைத்த விருந்தை அறியாமையின் பெயரால் பரிமாறுகின்றனர். இதுவே நம் குற்றச்சாட்டு.

"கற்பனையே கூடாதா உமக்கு?" என்று கேட்பர். கூடும், தாராளமாகக் கூடும். 1933-இல் வந்த 'கிங்காங்' படத்திலே மலைபோன்ற குரங்கு வருகிறது. ஏறத்தாழ ஒன்றரை அடி உயரப் பொம்மையை அணு அணுவாக நகர்த்தி உயிரூட்டினார் வில்லிஸ் ஓபிரையன். அத்தகைய குரங்கு உலகில் இல்லை. இருந்தும் நாம் சினக்கவில்லை. ஏன்? அந்தக் கற்பனை நம்மை மண்டியிடச் சொல்லவில்லை. விலங்கைச் சங்கிலியிட்டு நியூயார்க் மேடையிலே நிறுத்திக் காசு பார்க்கும் வணிகனைக் காட்டி, விலங்கு யார் என்று கேட்கவைக்கிறது. தீவு மக்களைக் காட்டுமிராண்டிகளாகக் காட்டிய குறை அதற்கும் உண்டு. அதையும் கணக்கில் எழுதுவோம். ஆயினும் கேள்வியை வளர்க்கும் கற்பனை வேறு. கேள்வியைக் கொல்லும் கற்பனை வேறு.

1984-இல் அதே பேராசிரியனை இந்தியாவுக்கே அழைத்து வந்தனர், 'டெம்பிள் ஆஃப் டூம்' என்னும் படத்திலே. இந்திய அரசு கதையை ஏற்காததால் இலங்கையின் கண்டிப் பகுதியில் படம் பிடித்தனர். இந்தியச் சிற்றூர் என்று காட்டிவிட்டு, ஊர்ப்பெரியவரைச் சிங்களம் பேசவைத்தனர்! நரபலி கொடுக்கும் காளி பூசாரி. சுரங்கத்திலே விலங்கிடப்பட்ட குழந்தைகள். குழந்தைகளின் விலங்கு அறுபடும்போது நாமும் மகிழ்கிறோம். "பார்த்தீரா, மூடநம்பிக்கையைத்தானே சாடுகிறது, உமக்கு உதவிதானே?" என்பர். உதவி அன்று! படம் மந்திரத்தை மறுக்கவில்லை. காளி மந்திரம் கெட்டது, சிவ மந்திரம் நல்லது என்று பங்கு பிரிக்கிறது. கல் ஒளிர்கிறது, பேராசிரியனே மந்திரம் சொல்கிறான், முடிவில் துணைக்கு வருவது வெள்ளையர் தலைமையிலான படை. விருந்திலே குரங்கின் மூளையைப் பரிமாறி, ஒரு நாட்டு மக்களையே அருவருக்க வைக்கிறது.

மக்கள் மீதுள்ள அன்பால் அவர்தம் மடமையைச் சாடுபவர் சீர்திருத்தக்காரர். மடமையைக் காட்டி மக்களையே இகழ்பவர் வேறு இனம். 1924-இல் வைக்கத்துத் தெருக்களிலே நடக்கும் உரிமைக்காகச் சிறை சென்ற பெரியாரும் தோழர்களும் அயலார் படையை எதிர்பார்க்கவில்லை. அந்த வேறுபாட்டை மறந்தால், நம் வாளையே நம் கழுத்துக்குக் கொடுத்தவராவோம்.

இன்னொன்று. காட்டு மக்களின் பொற்சிலையை எடுத்துக்கொண்டு ஓடுகிறானே அந்தப் பேராசிரியன், யார் கொடுத்த உரிமை? 1976-இல் நம் பத்தூரிலே மண்ணுக்கடியில் கிடைத்த நடராசர் செப்புச்சிலை கடத்தப்பட்டு, இலண்டன் சேர்ந்து, வழக்காடிய பின்னரே 1991-இல் திரும்பியது. நாம் சிலையை வணங்குபவர் அல்லர். எனினும் அதை வார்த்த கை நம் மக்களின் கை. திரையிலே அது வீரம். ஊரிலே அதற்குப் பெயர் களவு.

நம்மவர் படத்தையும் இதே தராசில் வைப்போம். 1948-இல் எஸ். எஸ். வாசனின் 'சந்திரலேகா' வந்தது. ஏறத்தாழ 30 இலட்ச ரூபாய் செலவு என்பர். அந்நாளில் மலைக்கத்தக்க தொகை. அதன் முரசு நடனத்தை எண்ணுங்கள். பேரணியாய் நிற்கும் முரசுகள் வெறும் பகட்டு அல்ல. உள்ளே வீரர் ஒளிந்திருக்கின்றனர். கொடியவனை ஏமாற்ற ஒரு பெண் வகுத்த சூழ்ச்சி அது. தெய்வம் குதிக்கவில்லை; திட்டம் வென்றது! செலவும் கதையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஆனால் இறுதியிலே கிடைப்பதென்ன? கெட்ட இளவரசன் போய் நல்ல இளவரசன். அரியணை அப்படியே இருக்கிறது. உழுபவன் அப்படியே இருக்கிறான். நிறையும் உண்மை; குறையும் உண்மை.

ஆகவே தீர்ப்பு முறை இதுதான். செலவைக் கண்டு வியக்காதீர். 2023-இல் ஜோன்ஸ் வரிசையின் இறுதிப் படத்துக்கு ஏறத்தாழ 30 கோடி டாலர் செலவானதாகச் சொன்னார்கள். முதல் படத்தின் புகழ் அதற்குக் கிட்டவில்லை. தொழிலாளரின் திறமையை மறைக்காதீர். கருத்துத் தீதென்பதற்காகக் கைத்திறன் தீதாகாது. கைத்திறன் நன்றென்பதற்காகக் கருத்தை விழுங்காதீர். மகிழ்ந்தோம் என்பதால் ஒப்புக்கொண்டோம் என்றாகிவிடாது. மகிழ்ச்சி கண்ணின் உரிமை. ஒப்புதல் அறிவின் உரிமை. ஒன்றின் முத்திரையை மற்றொன்று களவாட விடலாகாது.

இளைஞர் தோழர்களே! படம் பாருங்கள். பாறை உருளும்போது இருக்கையின் நுனிக்கு வாருங்கள். குழந்தைகளின் விலங்கு அறும்போது கைதட்டுங்கள். ஆனால் பேழை திறக்கும் நேரத்திலே கதாநாயகன் கண்ணை மூடச் சொன்னால், நீங்கள் மூடாதீர்கள். நன்றாகத் திறந்து பாருங்கள். அங்கே தெரிவது தெய்வமன்று. பொம்மையும் விளக்கும், அவற்றை அமைத்த மனிதனின் கைகளும்!