நல்ல துப்பாக்கி

நல்ல பாம்பு என்று சொல்லும்போது நாம் அந்தப் பிராணியின் குணத்துக்கு நற்சான்று கொடுப்பதில்லை. பயத்தில் வைத்த பெயர் அது. நஞ்சின் எதிரே சற்றுப் பணிந்து நடந்துகொள்வதற்கான ஏற்பாடு. 'நல்ல துப்பாக்கி' என்பதில் அந்தப் பணிவுகூட இல்லை. நல்ல கத்தரிக்கோல், நல்ல சைக்கிள் என்பது போல, காரியத்தைப் பிசகாமல் செய்வது என்றுதான் அர்த்தம். எந்தக் காரியம் என்ற கேள்வியை அந்த 'நல்ல' சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது.

எங்கள் வங்கிக்கு வந்துபோகிறவர் ஒருவர். திருத்தணியை அடுத்து மாந்தோப்பும் சில விசைத்தறிகளும் உள்ளவர். வசூலுக்காக எல்லை தாண்டி நகரிவரை போய், இரவில் பணத்தோடு திரும்புகிறவர். நடையாக நடந்து கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கிவிட்டார். கலெக்டர் ஆபீஸ், போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் முடிந்தது. வாங்க வேண்டியதுதான் மிச்சம். "சார், நீங்க நாலு புஸ்தகம் படிக்கிறவங்க. இந்த ரெண்டுல எது நல்லதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

ரெண்டு என்று அவர் சொன்னதைக் கொஞ்சம் விவரிக்க வேண்டும். 9 எம்.எம். நம் சட்டப்படி சாதாரணப் பிரஜைக்குக் கிடையாது. அவனுக்கு அரசாங்கம் அனுமதிப்பது பெரும்பாலும் பாயிண்ட் 32 அளவுதான். அதில் கான்பூர் அரசுத் தொழிற்சாலைகளிலிருந்து வந்த இரண்டு ரிவால்வர்களுக்கு இடையில் அவர் நின்றுகொண்டிருந்தார். இரண்டுக்கும் ஒரே குண்டு, ஆறு அறை. பழையது பிரிட்டிஷ் வெப்ளியின் வாரிசு, சுமார் 700 கிராம். மற்றது 2014 ஜனவரியில் வந்த 'நிர்பீக்', டைட்டேனியக் கலவை, சுமார் 500 கிராம். அச்சமற்ற என்று பொருள். 2012 டிசம்பர் 16 இரவு டெல்லியில் ஓடும் பஸ்ஸில் சிதைக்கப்பட்டு, பின்னர் இறந்துபோன பெண்ணுக்குப் பத்திரிகைகள் வைத்த 'நிர்பயா' என்ற பெயரை ஒட்டி வைத்தது. பெண்களுக்கென்று சொல்லி, நகைப்பெட்டி போன்ற பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். அப்போது விலை 1,22,360 ரூபாய். அவளுக்கு ஒரு பத்திரமான பஸ்ஸைத் தர முடியாத அரசாங்கம், தன் தொழிற்சாலையில் அவள் கைப்பைக்கு அளவெடுத்து ரிவால்வர் செய்து, பஸ்ஸில் போகிறவளால் வாங்க முடியாத விலையும் வைத்தது. நடந்ததை வரிசைப்படி சொன்னாலே நையாண்டியாகிவிடுகிறது.

நண்பர் ஒரு பழைய டைரியில் நடுவே கோடு கிழித்து இரண்டையும் எழுதி வைத்திருந்தார். எடை, விலை, விசையின் கனம், ரிப்பேருக்கு எங்கே போவது. ஒரு பெண்ணுக்கு வரன் பார்ப்பதில்கூட இத்தனை சிரத்தை காட்டுகிறவர்கள் குறைவு. என்னை உறுத்தியது இந்தச் சிரத்தைதான். ஒப்பிடுவது உண்மையான உழைப்பு. அதைச் செய்து முடித்தவனுக்கு 'எல்லாம் யோசித்தாயிற்று' என்ற களைப்பு வந்துவிடுகிறது. அந்தக் களைப்பை மனசாட்சி தன் சம்மதமாக எடுத்துக்கொள்கிறது. 200 கிராம் வித்தியாசத்தின் மேல் ஒரு மாதம் செலவழித்தவர், வேண்டுமா என்பதன் மேல் எவ்வளவு நேரம் செலவழித்தார் என்று கேட்டால் அது அநாகரிகமாக ஒலிக்கிறது. லைசென்ஸ் கையில் இருக்கிறதே!

1977இல் எட்னா உல்மன்-மார்கலிட், சிட்னி மார்கன்பெஸர் என்ற இருவர் ஒரு கட்டுரையில், காரணத்தோடு தேர்வதையும், காரணம் இருபக்கமும் சமமாக இருக்கையில் சும்மா ஒன்றை எடுத்துக்கொள்வதையும் பிரித்துக் காட்டினார்கள். கடையில் ஒரே மாதிரியான டப்பாக்களில் ஒன்றை எடுக்கிறோமே, அது இரண்டாவது வகை. நண்பர் செய்துகொண்டிருந்தது இந்த இரண்டாவது வகைக் காரியம். ஆனால் முதல் வகையின் கம்பீரத்தோடு. தமிழ் இந்த இடத்தில் இன்னும் கறாரானது. தெரிதல் என்றால் அறிதல். தெரிதல் என்றால் தேர்ந்தெடுத்தலும். யாழ்ப்பாணத்தார் இன்றும் தேர்வைத் தெரிவு என்றுதான் சொல்கிறார்கள். அறிவு எட்டாத இடத்தில் தேர்வு என்று ஒன்று இல்லை என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. எடை தெரிந்தது, விலை தெரிந்தது. எதிரே வரப்போகிறவன் முகம் எந்தக் கோட்டின் கீழே வரும்?

துப்பாக்கிகளைச் சோதித்து, ஒப்பிட்டு, நல்லதாக ஒன்றைத் தேடிய கதைகளில் நமக்கு மிக நெருங்கியது 1948 ஜனவரியில் நடந்தது. டெல்லியில் 20ஆம் தேதி காலை அவர்கள் தங்களிடமிருந்த இரண்டு ரிவால்வர்களைச் சுட்டுப் பார்த்தார்கள். இரண்டும் சரிப்படவில்லை. அன்று மாலை முயற்சி தோற்றது. பிறகு குவாலியரில் ஓர் இத்தாலியப் பெரெட்டா கிடைத்தது. 30ஆம் தேதி மாலை அது பிசகவில்லை. கருவி என்ற முறையில் அது மற்ற இரண்டையும்விட நல்லது என்று யாரும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 'நல்ல' என்ற சொல் எவ்வளவு காலியானது என்பதற்கு இதற்கு மேல் எனக்கு உதாரணம் வேண்டாம். தோப்புக்காரரையும் கோட்ஸேயையும் ஒரே பெஞ்சில் உட்கார்த்தவில்லை. அவர்கள் உபயோகித்த 'நல்ல' ஒன்றுதான் என்கிறேன்.

இப்ஸனின் ஹெட்டா காப்ளரில் ஒரு ஜோடி பிஸ்டல்கள் வருகின்றன; அப்பா வைத்துவிட்டுப் போனவை. ஒன்றை ஹெட்டா லோவ்போர்க்கிடம் கொடுக்கிறாள், அழகாகச் சாவதற்கு. அவன் அடிவயிற்றில் குண்டு பாய்ந்து கேவலமாகச் சாகிறான். மற்றது அவளுக்கே. ஜோடியாக ஒரே பெட்டியில் கிடந்தவரை இரண்டுக்கும் பேதமில்லை.

வேண்டுமா என்று இந்த நாடு ஒருகாலத்தில் வாய்விட்டுக் கேட்டதுண்டு. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்வதைப் பிரஜையின் உரிமைகளில் சேர்த்தது. வெள்ளைக்காரனின் 1878 ஆயுதச் சட்டம் அவர்களை அவ்வளவு அவமானப்படுத்தியிருந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை அடிப்படை உரிமையாக்கக் கேட்டபோது அம்பேத்கர் ஏற்கவில்லை. 1959இல் வந்த ஆயுதச் சட்டத்தில் அது உரிமையல்ல, அனுமதி. (அதே 1959இல்தான் திருத்தணியைச் சித்தூரிலிருந்து பிரித்துச் சென்னை ராஜ்யத்தில் சேர்ப்பதற்கான எல்லைச் சட்டமும் வந்தது. எங்கள் ஊருக்கு அந்தச் சட்டம்தான் ஞாபகம்.) அனுமதி என்று ஆனபின் விவாதம் பியூன் மேஜைக்கு வந்துவிட்டது. ஃபாரம் சரியாக இருக்கிறதா என்பதே கேள்வி.

தணிகை என்ற பெயருக்கு, சூரனோடு போர் முடித்து முருகன் சினம் தணிந்த இடம் என்று காரணம் சொல்கிறார்கள். அதனால் கந்த சஷ்டியில் மற்ற முருகன் தலங்களில் சூரசம்ஹாரம் நடக்க, இங்கே அது கிடையாது, புஷ்பாஞ்சலிதான். இதைக் காட்டி நண்பருக்கு உபதேசம் செய்யச் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் அவரிடம் சினம் இல்லை. இருப்பது பயம். அதுவும் நியாயமான பயம். பயம் தணிவதற்குப் புராணத்தில் தனியாக ஒரு மலை ஒதுக்கவில்லை.

அவர் கடைசியில் கனமானதையே வாங்கினார். இடுப்பில் இருப்பது தெரிய வேண்டுமாம். தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். அவரும் ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டார். வெறுங்கையோடு இரவில் நகரியிலிருந்து வருவது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "இப்ப வழி பூரா போலீஸ் நிக்குது சார், திருடன் பயம் இல்ல. பறக்கும் படைதான் பயம். அம்பதாயிரத்துக்கு மேல இருந்தா கணக்குக் கேக்கறான்" என்றார்.

வங்கிக் காவலுக்கான துப்பாக்கிகளுக்குத் தேர்தல் காலத்திலும் பொதுவாக விலக்கு உண்டு. எங்கள் கிளை வாசலில் முன்னாள் ராணுவக்காரர் ஒருவர் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். ஆயுதத்தைப் பற்றி இத்தனை நிதானமாக எழுத முடிகிற என் நிதானம் அந்த ஸ்டூலுக்கு உள்பக்கம் இருப்பவனுடையது. வேண்டுமா, எது வேண்டும் என்ற இரண்டு கேள்விகளையும் எனக்காக வேறு யாரோ முடித்துவைத்துவிட்டார்கள். பதினோரு வருஷமாகக் காலையில் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, துப்பாக்கியைப் பார்க்காமல் உள்ளே போகிறேன்.