சியாச்சினில் ஒருவர் நிற்கிறார்

2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த பிறகு, மேடவாக்கம் கூட்ரோடு பக்கம் எந்த ஏடிஎம்மில் பணம் இருந்தாலும் வரிசை சாலைவரை வந்துவிடும். யாராவது சலித்துக்கொண்டால் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கும். "சியாச்சின்ல மைனஸ் நாப்பதுல ஜவான் நிக்கிறான். உங்களால ரெண்டு மணி நேரம் நிக்க முடியாதா?" சர்க்கரை வியாதிக்காரப் பெரியவரோ அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்த கொத்தனாரோ, யாராக இருந்தாலும் அதோடு பேச்சு நின்றுவிடும்.

சொல்லப்பட்ட தகவல் உண்மைதான், எதிர்த்துப் பேச முடியாதது அதனால்தான். 1984 ஏப்ரல் 13 அன்று 'ஆபரேஷன் மேக்தூத்' தொடங்கியதிலிருந்து அந்தப் பனியாற்றில் இந்தியக் காவல் நிலைகள் இருக்கின்றன. 2003 நவம்பரில் போர்நிறுத்தம் வந்த பிறகும் மனிதர்கள் சாகிறார்கள், பனியால். அந்த வரிசைக்கு ஒன்பது மாதம் முன்பு, 2016 பிப்ரவரி 3 அன்று, 19,000 அடிக்கு மேலிருந்த சோனம் நிலையை பனிச்சரிவு மூடியது. உள்ளே இருந்த பத்துப் பேர் மதராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். கர்நாடகத்தின் ஹனுமந்தப்பா கொப்பத் ஆறு நாள் கழித்து, 25 அடி பனிக்குக் கீழிருந்து உயிரோடு எடுக்கப்பட்டு, 11ஆம் தேதி டெல்லியில் இறந்தார். மற்றவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள்: வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி. எங்கள் வரிசையில் இதை யாரும் சொல்லவில்லை. 'ஜவான்' என்ற ஒற்றைச் சொல்லே போதுமானதாக இருந்தது.

எங்கள் குடியிருப்பின் இரவுக் காவலாளி மதராஸ் ரெஜிமென்ட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். திருவண்ணாமலைப் பக்கம். ஒரு குளிர்காலத்தில் மூன்று மாதம் மேலே இருந்திருக்கிறார். கேட்டால்தான் சொல்வார், அதுவும் வீரக்கதையாக இருக்காது. "முட்டைய சுவத்துல அடிச்சாலும் உடையாது சார். நாள் பூரா மண்ணெண்ணெய் ஸ்டவ் எரியும், துப்புனா கறுப்பாத்தான் வரும். நாக்குக்கு ருசியே தெரியாது. தூக்கம்னு ஒண்ணு கெடையாது, கண்ண மூடுனா மூச்சு முட்டும்." நடக்கும்போது ஒரே கயிற்றில் எல்லோரையும் கட்டிக்கொள்வார்களாம், ஒருவர் வெடிப்பில் விழுந்தால் மற்றவர்கள் இழுக்க. ஏன் போனீர்கள் அண்ணே என்றேன். "தங்கச்சி கல்யாணக் கடன் சார். மேல போனா அலவன்ஸ் உண்டு."

பத்தொன்பதாம் நூற்றாண்டில், பஞ்சத்துக்குத் தப்பி அட்லாண்டிக் கடந்த ஐரிஷ் இளைஞர்கள் கணிசமான பேர் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, மேற்கு எல்லைக் கோட்டைகளில் பனிக்காலத்தைத் தள்ளினார்கள். சம்பளமும் மூன்று வேளைச் சோறும் கிடைத்தன. தியாகம் என்ற சொல் அவர்களுக்கும் பிறகுதான் வந்து ஒட்டியிருக்கும். அதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் வந்ததும், அது ஒரு வேலை, அதற்குக் கூலியும் சாமான்களும் உண்டு என்பது கண்ணிலிருந்து மறைகிறது.

ஏடிஎம் வாதத்தைப் பற்றி அவரிடம் கேட்டபோது கோபப்படவில்லை, குழம்பினார். "நின்னது நானு. அவரு ஏன் சார் சொல்லிக் காட்டுறாரு?"

சொல்லிக் காட்டுவது. உதவியவரே அதைச் செய்தால்கூட நம் ஊரில் அதை அற்பத்தனம் என்போம். மாமா ஃபீஸ் கட்டிவிட்டு ஒவ்வொரு தீபாவளிக்கும் அதை எடுத்தால் அம்மா முகம் சுருங்கும். இங்கே சொல்லிக் காட்டுகிறவர் எதையும் கொடுத்தவர் அல்ல, வாங்கிக்கொண்டவர்களில் ஒருவர். கடனாளி ஒருவர் இன்னொரு கடனாளியிடம் வசூலுக்கு வருகிறார். வசூலானது எதுவும் மேலே போய்ச் சேர்வதுமில்லை. கொத்தனார் வாயை மூடிக்கொண்டதால் சோனம் நிலையில் ஒரு டிகிரி ஏறிவிடாது.

அப்படியென்றால் ஒப்பிடவே கூடாதா? நான் ஒப்பிடுவேன். இரவு இரண்டு மணிக்கு சர்வர் விழுந்து, எல்லோரும் காலில் கத்திக்கொண்டிருக்கும்போது முட்டை உடையாத அந்த ஊரை நினைத்தால் கொஞ்சம் நிதானம் வரும். அது எனக்கு நானே சொல்லிக்கொள்வது. அதே வாக்கியத்தை என் டீமில் இருக்கும் ஜூனியரிடம் சொன்னால், அவன் விடுப்பு கேட்பதைத் தடுப்பதற்காகத்தான் சொல்கிறேன். வாக்கியம் மாறவில்லை. யார் யாரிடம் சொல்கிறார், யாருக்கு அதில் லாபம் என்பது மாறிவிட்டது.

2020 பிப்ரவரியில் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை ஒன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. உயரமான பகுதிகளில் இருக்கும் வீரர்களுக்குப் பனிக்கண்ணாடி தட்டுப்பாடு, குளிர் உடைகள் வாங்குவதில் தாமதம், பழைய காலணிகளையே சரிசெய்து போட்டுக்கொண்டது, மாற்று உணவால் கலோரி குறைந்தது என்று அதில் இருந்தது. தணிக்கை செய்யப்பட்ட காலம் 2015-16 முதல் 2017-18 வரை. அதாவது ஊரெல்லாம் ஜவானின் குளிரைச் சொல்லி வரிசைகளை அடக்கிக்கொண்டிருந்த அதே காலம். நன்றிக்கடன் உண்டு என்றால் அதைச் செலுத்த ஒரு கவுன்ட்டர் அங்கே திறந்திருந்தது: காலணி எங்கே என்று கேட்டிருக்கலாம். அந்த அறிக்கைக்காக எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு ஃபார்வர்டுகூட வரவில்லை. சியாச்சின் படித்தொகை 2017இல் வீரர்களுக்கு மாதம் 14,000 ரூபாயிலிருந்து 30,000 ஆனது. அதையும் யாரும் பகிரவில்லை. தொகையைச் சொன்னால் அது வேலை என்று ஆகிவிடுமே.

நம் காவலாளிக்கு இப்போது பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. போன கோடையில் தகரக் கூரை போட்ட கேபினுக்கு ஒரு ஃபேன் கேட்டார். குடியிருப்போர் கூட்டத்தில் நானும் இன்னும் இரண்டு பேரும் பேசினோம். அவர் எங்கே இருந்தவர் என்பதைச் சொல்ல வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தோம், கேபின் கொதிக்கிறது என்பதை மட்டும் சொன்னோம். முக்கால் மணி நேரம் ஆனது. ஃபேன் வாங்கியாகிவிட்டது. கரண்ட் எந்த பிளாக் மீட்டரில் ஓட வேண்டும் என்ற சண்டை இன்னும் நடக்கிறது.