வடிகட்டிய துணியும் ஆய்வுக் குப்பியும்

நம் முன்னோர் கிணற்று நீரை இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டியே பருகினர் என்பதை யாவரும் அறிவர். வடிகட்டிய பின்னர்ச் செய்ய வேண்டிய கடமை ஒன்றுண்டு என்பதை இளையோர் பலர் இன்று அறியார். துணியில் தங்கிய நுண்ணுயிர்களை, வடித்த நீரையே சிறிது வார்த்து அலசி, அவை எக்கிணற்றிலிருந்து வந்தனவோ அக்கிணற்றிலேயே மெல்ல இறக்கிவிட வேண்டும். தரையில் உதறலாகாது, வேறொரு கிணற்றில் விடுதலும் ஆகாது. ஒரு நீரில் பிறந்த உயிர் மற்றொரு நீரில் பிழையாது என்பது அவர்கள் கொண்ட கருத்து. குழாய் நீர் வீட்டுக்குள் வந்தபின் இவ்வழக்கம் பெரும்பாலும் மறைந்துபோயிற்று.

சென்ற ஆண்டு வந்தவாசிப் பக்கத்தில் நம்மவர் இல்லம் ஒன்றில் இவ்வழக்கத்தை ஒட்டியே ஒரு வழக்கு எழுந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய பெண், சுற்றுச்சூழல் அறிவியலும் மேலாண்மையும் என்னும் பட்டப்படிப்பில் சேர விரும்பினாள். உயிர்களைக் காக்கும் படிப்பு என்று பெற்றோர் மகிழ்ந்தனர். பாட்டனார் மட்டும் பாடத்திட்டத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். நீர்நிலைகளில் மென்துணி வலையால் மிதவை உயிரிகளைச் சேகரித்து, அயோடினோ ஃபார்மலினோ இட்டுக் குப்பியில் அடைத்து, நுண்ணோக்கியின்கீழ் எண்ணுதல் என்னும் செய்முறைப் பகுதி வந்ததும் நிறுத்தச் சொன்னார். “அம்மா, உன் கொள்ளுப்பாட்டி துணியில் வடித்ததைக் கிணற்றில் திரும்ப விட்டாள். நீ வடித்ததைக் குப்பியில் இட்டுக் கொல்வாயோ?” என்றார். “அந்த ஏரி கெட்டுவிட்டதா என்று பார்க்கத்தானே தாத்தா?” என்றாள் பேத்தி. இருவரும் நம்மிடம் கேட்டனர். உடனே விடை கூற நம்மால் இயலவில்லை.

இத்தகைய வினா எழும்போது நம்மிற் பலர் எளிய வழியொன்றைக் கைக்கொள்வர். “எல்லாம் நம் ஆகமத்திலேயே உள்ளது, மேல்நாட்டார் இன்று கண்டதை நாம் அன்றே கண்டோம்” என்பர். நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகியவற்றையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு என்று நம் அறநூல்கள் கூறுவது மெய். முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் இறுதியானது, கழிவை உயிரற்ற இடம் பார்த்து நீக்குவது பற்றியதே. சிராவகர் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்களின் பட்டியலில் காட்டுக்குத் தீயிடுதல், ஏரி குளங்களை வற்றச் செய்தல், நஞ்சு விற்றல் ஆகியன உள்ளன. 1990 அக்டோபர் 23 அன்று இயற்கை பற்றிய சமண அறிக்கையை எல். எம். சிங்வி அவர்கள் இலண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையில் இளவரசர் பிலிப்பிடம் அளித்தபோது, உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாவன என்னும் தத்துவார்த்த சூத்திரக் கருத்தே அதற்கு அடிப்படையாயிற்று. இவை பெருமைக்குரியன. ஆயினும் பாலாற்று நீரில் குரோமியம் எவ்வளவு கலந்துள்ளது என்பதை எந்த ஆகமமும் கூறாது. அதை ஒருவர் குப்பியில் நீர் எடுத்து, அளந்தே கூற வேண்டும். பெருமை பேசிவிட்டு அளப்பவரை ஐயுறுதல் முறையன்று.

பாட்டனாரின் வினாவுக்கு வருவோம். இல்லறத்தார்க்கு நேரும் ஹிம்சையை நால்வகையாகப் பகுத்துள்ளனர். வேண்டுமென்றே செய்வது, சமையல் முதலிய இல்லப் பணியில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. முதலாவது முற்றிலும் விலக்கத்தக்கது. ஏனைய மூன்றும் இயன்றவரை குறைக்கத்தக்கவை. உழவராகிய நமக்கு இப்பகுப்பு பெரிய ஆறுதல். உழுபவன் கொழுமுனையில் எண்ணற்ற புழுக்கள் மடிகின்றன. வலைஞன் சில நாள் ஒரு மீனும் பெறாமல் திரும்புகிறான். ஆயினும் கொல்லும் எண்ணத்தோடு சென்ற வலைஞனுக்கே வினை மிகுதி என்று பண்டிதர் ஆசாதரர் போன்றோர் காட்டினர்.

இவ்வுவமையை மாணவிக்கு ஆதரவாகக் கூறுவோர் சற்று நின்று எண்ண வேண்டும். உழவன் புழுவை நோக்கிச் செல்வதில்லை. ஆனால் குப்பியில் அயோடின் விடுபவள், உள்ளே உயிர் உண்டு என்று அறிந்தே, அவ்வுயிரை நோக்கியே விடுகிறாள். அவ்வகையில் அவள் உழவனைவிட வலைஞனுக்கே அருகில் நிற்கிறாள். நல்ல நோக்கம் ஒன்றே போதும் என்றால், நல்ல நோக்கம் கூறாத கொலைஞர் உலகில் யார்?

ஆகவே குப்பிக்குள் இருப்பது யாது என்று பார்க்க வேண்டியதாயிற்று. மிதவை உயிரிகள் இருவகைப்படும். ஒன்று பாசியினம், அது தாவரம், ஓரறிவுயிர். மற்றொன்று நீரில் தானே இயங்கும் சிற்றுயிர்கள். அவை நம் கணக்கில் இயங்குயிர்கள், அதாவது திரச ஜீவன்கள். இல்லறத்தாரின் அணுவிரதம் இயங்குயிரை வேண்டுமென்றே கொல்லாமையையே கட்டாயமாகக் கூறுகிறது. நிலையுயிர்களைத் தேவையளவே பயன்கொள்ள இசைகிறது. கீரை அரிபவர் பாசியை எண்ணுபவளைக் குறைகூற இடமில்லை. இயங்குயிர்களைப் பொறுத்தவரை, பாட்டனார் கூறியதே சரி என்பது நம் எண்ணம். அவற்றை ஒரு துளி நீரில் உயிரோடு நோக்கி, இன்னது இன்னது என்று அறிந்து, மீண்டும் அந்நீர்நிலையிலேயே விடுதல் பெரும்பாலும் இயலும். துல்லியமான எண்ணிக்கைக்கு அது போதாது என்பர். பட்ட மாணவியின் பயிற்சிக்கு அது போதும் என ஆசிரியரிடம் கேட்டுப் பெறுவதில் நாணம் வேண்டியதில்லை. விலங்கியல் வகுப்புகளில் உயிர்களை அறுத்துப் பார்க்கும் வழக்கத்தைக் குறைக்குமாறு 2011-இல் பல்கலைக்கழக மானியக் குழு நெறிமுறை வகுத்ததும், யாரோ சிலர் விடாது கேட்டதன் பயனே.

இவ்விடத்தில் பாட்டனாரிடமும் நாம் ஒன்று கேட்டோம். எண்டோசல்ஃபானை 2011-இல் உச்ச நீதிமன்றம் நாடெங்கும் தடை செய்யும் முன்னர், நம் கழனிகளில் அதைத் தெளித்தவர் யார்? அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “தெளித்தோம், ஒரு மாதம் தவளைச் சத்தமே இருக்காது” என்றார். அவரைக் குற்றஞ்சாட்ட இதை எழுதவில்லை. நாமும் தெளித்தவர்களே.

குப்பியைவிடக் கடினமான வினா, படிப்பு முடிந்தபின் வருவது. இப்பட்டம் பெற்றோரில் பலர்க்கு வேலை தருவன ஆலைகளும், அவற்றுக்கு அறிக்கை எழுதும் நிறுவனங்களுமே. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த வரலாற்றை 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் காணலாம். ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிரிடத் தகுதி இழந்தது என்னும் ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் வலியுறுத்தப்பட்டது. ஆலைகள் பல சேர்ந்து அமைத்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் இன்று நம் இளைஞர்க்கு இடம் உண்டு. காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களைக் கோடிக்கணக்கில் வளர்த்து, அவை கழிவை உண்டு பெருகியபின், மிகுந்த சேற்றை எடுத்து உலர்த்துவது அங்கு அன்றாடப் பணி. பச்சைத் தோல் கெடாதிருக்க இட்ட உப்போ, அந்நுண்ணுயிர்களாலும் நீங்காது. அதைப் பிரிக்க வேறு பொறிகள் வேண்டும்.

தோல் வாணிகம் நமக்கு ஆகாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் ஒன்றே என்பது நம் அறம். அந்நிலையம் இயங்கினாலன்றி ஆலைக்கு இசைவு கிடையாது. அவ்வாறாயின் அதை இயக்குபவன் தோல் தொழிலுக்கு உடன்பட்டவன் ஆகானா? ஆவான் என்று கூறுவோரின் வாதம் வலிமையுடையது. ஆயினும் அவன் விலகிக்கொண்டால் ஓர் ஆடும் பிழைக்காது. ஆற்றங்கரைக் கிணறு மட்டும் மேலும் கெடும். கசாப்புக்காரன் புண்ணுக்கு மருந்திடும் மருத்துவனை நாம் பழிப்பதில்லை. ஆலையின் இலாபத்தில் பங்கு இன்றி, நீரைத் தூய்மையாக்கும் பணிக்கு மட்டும் ஊதியம் பெறுபவனைத் தடுக்க நமக்கு மனம் வரவில்லை. இம்முடிவில் நமக்கே முழு நிறைவு இல்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அறிக்கை எழுதும் பணியில் இடருவது கொல்லாமை அன்று, வாய்மை. ஒரு தொழிற்றிட்டம் சூழலுக்கு என்ன செய்யும் என்னும் மதிப்பீட்டை 1994-இல் நடுவணரசு அறிவிக்கை கட்டாயமாக்கியது. 2006-இல் அது திருத்தி அமைக்கப்பட்டது. மதிப்பிடுபவர்க்குக் கூலி தருபவர் திட்டத்துக்கு உரியவரே. மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்துத் தரவே பல திட்டங்களுக்குப் போதுமானதாகக் கொள்ளப்படுகிறது. மரக்காணத்தை அடுத்த கழுவெளியை எண்ணிப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, வலசைப் பறவைகள் வந்திறங்கும் அந்நீர்ப்பரப்பு, கோடையில் பெரும்பகுதி வெறும் தரை. 2021-இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய ஓரிடத்தை மே மாதத்தில் சுற்றிவந்து “பறவைகள் காணப்படவில்லை” என்று ஒருவர் எழுதினால், அவர் எழுதிய ஒவ்வொரு சொல்லும் மெய், அறிக்கையோ பொய்.

அநேகாந்தம் என்பதை நாம் பிற சமயங்களோடு இணங்கிப் போகும் பண்பாகவே மேடைகளில் பேசிப் பழகிவிட்டோம். ஒரு பொருளை ஒரு பக்கம் நின்று கண்டதை முழுமையென்று கூறாதே என்பதன்றோ அதன் முதற்பொருள்? “இப்பருவத்தில், இந்நாளில், இவ்வளவு தூரம் நடந்ததில் காணப்படவில்லை, மழைக்காலத்தில் காணவில்லை, ஆதலின் அறியேன்” என்று எழுதுபவர் சியாத்வாதத்தைச் சரியாகப் படித்தவர். அவ்வாறு எழுதியவர்க்கு அடுத்த வேலை கிடைக்குமா என்பது வேறு செய்தி. பிள்ளைகளுக்கு இப்படிப்பைத் தேர்ந்து தரும் பெற்றோர், ஒருநாள் அவர்கள் கையெழுத்திட மறுத்து வீடு திரும்பினால், அச்சில மாதச் சோற்றுக்கும் அணியமாயிருத்தல் வேண்டும். சேர்க்கைக் கட்டணத்தைப் பற்றிப் பேசும் வீடுகளில் இதைப் பற்றிப் பேசக் கேட்டதில்லை.

அப்பெண் படிப்பில் சேர்ந்துவிட்டாள். முதற்பருவ விடுமுறையில் வந்தபோது ஊர் ஏரிக்குப் பாட்டனாரையும் அழைத்துச் சென்றிருக்கிறாள். வலையில் வடித்ததை ஒரு கண்ணாடித் தட்டில் ஊற்றி உருப்பெருக்கியைக் கொடுத்தாளாம். அவர் வெகுநேரம் குனிந்து பார்த்திருந்துவிட்டு, தட்டைத் தாமே வாங்கி, எடுத்த துறையிலேயே இறங்கி நீரில் சாய்த்தார் என்று அவள் தந்தை எழுதியிருக்கிறார்.