உடையவள், துடைப்பவள்

கொடைக்கானல் ஏரியைப் பற்றிய எந்த வழிகாட்டிப் புத்தகத்தைப் புரட்டினாலும் ஒரு பெயர் வந்துவிடும்: வியர் ஹென்றி லெவிஞ்ச், அன்றைய மதுரை ஆட்சியர். 1863இல் ஓடைகளைத் தடுத்துக் கரை கட்டி ஏரியை உருவாக்கினார்; தூத்துக்குடியிலிருந்து முதல் படகைக் கொண்டுவந்தார். எனக்கு அந்தக் 'கொண்டுவந்தார்' என்ற வினைச்சொல்லில்தான் சிக்கல். மோட்டார் வண்டி ஏறும் மலைப்பாதை கொடைக்கானலுக்கு வந்தது அதற்கு அரை நூற்றாண்டு கழித்து. அதற்கு முன் துரைமாரும் துரைசானிமாரும்கூட ஆட்களின் தோளில்தான் மலையேறினார்கள். படகும் அப்படித்தான் ஏறியிருக்க வேண்டும். அத்தனை தோள்களும் ஒரு வினைச்சொல்லுக்குள் மறைந்து, மிஞ்சியது ஒரே ஒரு பெயர்.

தத்துவ நூல்களிலும் இந்த மறைப்பு உண்டு. ஒருவர் தன் உழைப்பை எதில் கலக்கிறாரோ அது அவருக்குரியதாகிறது என்று 1689இல் வாதிட்டார் ஜான் லாக். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொன்ன கையோடு, தன் வேலைக்காரன் வெட்டியெடுத்த புல்லும் மண்ணும் தனக்கே சொந்தம் என்றும் எழுதிவிடுகிறார். உழைத்த கை ஒன்று, உரிமை கொண்டாடும் கை இன்னொன்று. லாக்கின் முதல் வாக்கியத்தை மட்டும் சட்டமாக்கியிருந்தால் நம் ஊரில் எத்தனை வீடுகள் ஆண்களுடையதாக இருந்திருக்கும்? பட்டாவில் ஒருவர் பெயர், வாசலில் இன்னொருவர் கோலம் என்பதுதானே நம் வழக்கம்.

இந்த வழக்கத்தை எதிர்த்துத்தான் 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சம பங்கு தந்தது 1989இல். இடையே 60 ஆண்டுகள். நாடு முழுவதும் அந்த உரிமை வர 2005 ஆனது. ஆகவே பத்திரத்தில் பெண்ணின் பெயர் ஏறுவது சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். பெயர் ஏறிய பிறகு எழும் கேள்வியைத்தான் இங்கே கேட்க விரும்புகிறேன். உடையவர் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்த பெண், அங்கே இதுவரை இருந்தவர்களைப் போலவே உட்கார்ந்துகொள்ளலாமா?

இந்தக் கேள்வி எனக்கு ஒரு படகின் வழியாக வந்தது. நாயுடுபுரத்தில் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் 14 அடி நீள ஃபைபர் மோட்டார் படகு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியில் விறகு நனையாமல் இருந்தது. முன்பு வேம்பநாட்டுக் காயலில் ஓடிய படகு. எங்கள் ஏரியில் துடுப்புக்கும் மிதிக்கும்தான் இடம், இன்ஜினுக்கு வேலையில்லை. ஆனால் ஆலப்புழையில் என் தோழியின் வீட்டுப் படித்துறையிலேயே கால்வாய் ஓடுகிறது. ஐம்பதைத் தாண்டிய நாங்கள் இருவரும், ஓட்டுநர் என்று ஒருவரை வைத்துக்கொள்ளாமல் அந்தத் தண்ணீரில் போய்வர ஆசைப்பட்டோம். என் பெயருக்கு ரசீது எழுதி வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் யாரும் இதற்கு முன் படகு வைத்திருந்ததில்லை.

7,000 அடி உயரத்துக் குளிரிலும் ஈரத்திலும் ரெசின் சரியாக இறுகாது. அதனால் படகை மலையடிவாரத்துக்கு, வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு ஃபைபர் பட்டறைக்கு இறக்கினோம். தண்ணீர்த் தொட்டியும் குளியலறைக் கதவும் செய்கிற பட்டறை. பட்டறைக்காரர் லாரி ஓட்டி வந்த பையனைப் பார்த்துத்தான் பேசினார்.

"படகு யாரோடதுப்பா?"

"அக்காவோடதுண்ணே."

"அக்காவோடதா, அக்கா வீட்டுக்காரரோடதா?"

அதே மனிதர்தான் பிறகு எனக்கு எல்லாம் கற்றுத்தந்தார். முதலில் தட்டிப் பார்க்கச் சொன்னார். சுத்தியலின் மரப்பிடியால் ஒரு சாண் இடைவெளியில் படகு முழுவதும் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடத்தில் 'டக்' என்று எதிரொலிக்கும். உள்ளே கெட்ட இடத்தில் 'பொத்' என்று அமுங்கும். இன்ஜினைத் தாங்கும் பின்பலகை வெளியே கண்ணாடி போல மின்னியது, தட்டியபோது பொத்தென்றது. ஃபைபருக்குள் பொதிந்திருந்த ப்ளைவுட், திருகாணித் துளை வழியே பல ஆண்டுகளாக நீர் குடித்து மக்கியிருந்தது. அடிப்பக்கத்தில் கொப்புளங்கள். ஒன்றைக் குத்தியதும் புளித்த காடி வாசனையோடு நீர் கசிந்தது.

"பட்டி பாத்து பெயின்ட் அடிச்சா பத்தாயிரத்துல முடிஞ்சிரும்மா. விக்கிறதுன்னா அது போதும். நீங்க உக்காந்து போறதுன்னா பிரிச்சுத்தான் ஆகணும்" என்றார்.

உடைமை பற்றிப் படித்த எதையும்விட இந்த வாக்கியம் தெளிவாக இருந்தது. விற்கப்போகிறவருக்குப் பொருளின் மேல்தோல் போதும். அதில் தன் உடலை வைக்கப்போகிறவருக்கு உள்ளே இருப்பதும் தெரிந்தாக வேண்டும். பிரித்தோம். மக்கிய பலகையைச் சுரண்டி எடுத்தோம். விரிசலின் ஓரங்களை ஃபைபரின் கனத்தைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, மேட் வைத்து, ரெசின் ஊற்றி, உருளையால் காற்றுக் குமிழிகளை விரட்டினோம். ரெசினில் கோபால்ட்டைக் கலந்து முடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட்டைத் தொட வேண்டும். இரண்டும் நேராகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். இதெல்லாம் என் கைக்கு வர மூன்று மாதம் ஆனது. அதற்குள் படகு என்னுடையது என்று ரசீதைக் காட்டாமலே சொல்லத் தெரிந்திருந்தது.

அப்படியென்றால் லாக் சொன்னது சரிதானே, உழைத்தேன், என்னுடையதாயிற்று என்று முடித்துவிடலாம். முடிக்க விடாதது தூசி.

ஃபைபரைத் தேய்த்தால் கண்ணாடித் தூள் பறக்கும். தோலில் ஏறினால் நாள் முழுக்க அரிக்கும். ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவி மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் வகைப்படுத்தியிருக்கிறது. நான் முகமூடி வாங்கிப் போட்டுக்கொண்டேன். பட்டறைக்காரர் துண்டைக் கட்டிக்கொண்டார். அவருடைய தூசி படிந்த சட்டையையும் கைலியையும் கொல்லைப்புறத்தில் தனியாக ஊறவைத்துத் துவைத்தவர் அவர் மனைவி, வெறுங்கையால். முழங்கை வரை தடித்திருந்தது.

"வேற யாராவது துவைக்கலாமே மதினி" என்றேன்.

"வேற யாரு இருக்கா?" என்றார்.

கோபமோ வருத்தமோ இல்லாத குரல். கடையில் உப்பு இருக்கிறதா என்று கேட்பது போலக் கேட்டார். என் படகில் தன் உழைப்பைக் கலந்தவர்களில் அவரும் ஒருவர். என் கணக்கில் அவர் பெயர் இல்லை. பட்டறையின் கூலிக் கணக்கிலும் இல்லை.

கரோல் கில்லிகன் 1982இல் எழுதிய நூலுக்குப் பிறகு, பராமரிப்பை ஓர் அறமாகப் பேசும் பெண்ணியச் சிந்தனை வளர்ந்தது. நீதி, உரிமை என்று ஆண்கள் எழுதிய அறநூல்கள் கவனிக்காமல் விட்ட இடத்தை அது கவனித்தது. எனக்கு அதில் மதிப்பு உண்டு. ஆனால் பட்டறையில் நானும் மதினியும் செய்த வேலைகளைப் 'பராமரிப்பு' என்ற ஒரே சொல்லால் அழைக்க முடியவில்லை. எனக்கு அலுத்தால் படகைப் பழையபடி விறகுக்கு மூடியாகக் கவிழ்த்துவிட்டுப் போகலாம். அந்தச் சுதந்திரம் இருப்பதால்தான் என் வேலைக்கு ஆர்வம் என்று பெயர் கிடைக்கிறது, பார்ப்பவர்கள் பாராட்டுகிறார்கள். மதினியால் நாளைக்குத் துவைக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. 'முடியாது' என்று சொல்ல வழியில்லாத இடத்தில் நடக்கும் பராமரிப்பை அன்பு என்று புகழ்வது, சுரண்டலுக்குப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பதுதான்.

ஈரம் வைத்துத் தேய்ப்பது, வேலைத்துணி பட்டறையைவிட்டு வெளியே போகாமல் போட்டவரே கையுறை மாட்டித் துவைப்பது, எல்லோருக்கும் வடிகட்டி வைத்த முகமூடி என்று பேசி, அதற்கான நேரத்தையும் கூலியில் சேர்த்தோம். செலவு கூடியது. பட்டறைக்காரர் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஆனால் எனக்கு அடுத்து வரும் வாடிக்கையாளர் அந்தக் கூடுதல் தொகையைத் தருவாரா? நல்ல உடைமையாளர் ஒருத்தி வந்துபோனதால் கொல்லைப்புறத்து ஏற்பாடு மாறிவிடாது. அது மாற, துவைப்பதும் கூலிக்குரிய வேலை என்று கணக்கில் ஏற வேண்டும்.

தூசி இன்னொரு கேள்வியையும் கொண்டுவந்தது. கட்டுமரம் மக்கி மண்ணாகும். ஃபைபர் மக்காது, உருக்கி வேறொன்றாக வார்க்கவும் முடியாது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கடற்கரைகளுக்கு ஃபைபர் படகுகள் உதவியாக வந்து குவிந்தன, பெரும்பாலும் ஆண்களின் பெயரில். அவற்றின் ஆயுள் முடியும்போது ஓடுகளை யார் அகற்றுவது என்பதற்கு எந்த ரசீதிலும் இடமில்லை. எங்கள் மலைக்கு இந்தப் பாடம் புதிதல்ல. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் வெளிப்பட்ட பிறகு, இந்துஸ்தான் லீவரின் வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு வந்தது 2016இல். தொழிற்சாலையை மூடிவிடலாம். பாதரசத்துக்கு அப்படி ஒரு மூடல் கிடையாது. மண்ணிலும் உடலிலும் அது தங்குகிறது, அங்கேயே வாழ்கிறவர்கள் அதோடு வாழ்கிறார்கள். உடையவர் விலகிப்போகலாம், மிச்சத்தைத் துடைப்பவர் விலக முடியாது என்பதுதான் அந்த 15 ஆண்டுகளின் கதை.

ஆகவே உரிமையும் பராமரிப்பும் வெவ்வேறு கைகளில் இருக்கும்வரை இரண்டுமே கெடுகின்றன என்று நினைக்கிறேன். துடைக்காத உரிமை எஜமானத்தனமாகிறது. உரிமையில்லாத துடைப்பு அடிமைத்தனமாகிறது. பெண்கள் இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கு ஏறிப்போவதை மட்டும் விடுதலை என்று எண்ணினால், கொல்லைப்புறத்தில் இன்னொரு பெண் அமர்ந்திருப்பாள். இதைப் படிக்கும் மாணவிகள் நாளை வீடு வாங்குவீர்கள், வண்டி வாங்குவீர்கள், உங்கள் பெயரில் பத்திரம் இருக்கும். இருக்க வேண்டும். அன்றைக்கு இரண்டு கேள்விகளைக் கேட்டுப்பாருங்கள். இதைத் துடைப்பவர் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? இது ஒருநாள் குப்பையாகும்போது அதை எடுக்கப்போவது யார்?

படகை ஆலப்புழையில் பதிவு செய்ய வேண்டும். உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021இன்படி உடைமையாளர் என்று என் பெயரை எழுதுவேன். அந்த ஓடு இனி ஓடாது என்ற நிலை வந்தால் அதை எங்கே வைப்பது, செலவை யார் ஏற்பது என்று நானும் தோழியும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறோம். அப்படி ஒரு தாளை எங்களிடம் யாரும் கேட்கவில்லை.