புதுப்பானையும் பிரேக்கரும்

யூத சமயச் சட்டத்தில் ஓய்வுநாள், அதாவது வெள்ளிக்கிழமை கதிரவன் மறைவில் தொடங்கிச் சனியிரவு விண்மீன்கள் தோன்றும்வரை நீளும் சப்பாத், செய்யக்கூடாத வேலைகளின் பெயர்களாலேயே வரையறுக்கப்பட்ட நாள் ஆகும். ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பு அவ்வேலைகளை உழுதல், நெய்தல், தீமூட்டல், தீயணைத்தல், கட்டுதல், இடித்தல் என 39 வகைகளாக வகுத்தது. அவற்றுள் மின்சாரம் இல்லை, இருக்கவும் இயலாது. எனவே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மின்விளக்கு வீடுகளுக்குள் நுழைந்தபோது, சுவிட்சைத் தட்டும் விரல் இந்த 39இல் எதைச் செய்கிறது என்ற கேள்வியும் உடன் நுழைந்தது.

அன்றைய இழைவிளக்கைப் பொறுத்தவரை விடை எளிதாகவே கிடைத்தது. கண்ணாடிக்குள் கனல்வது பழுக்கக் காய்ந்த இழை. நீரில் தோய்ப்பதற்காக இரும்பைக் காய்ச்சுவதைத் தீமூட்டலின் கிளையாக மைமோனிடிஸ் 12ஆம் நூற்றாண்டிலேயே எண்ணியிருந்தார். ஆனால் கனலாத மின்விசிறிக்கும், இன்று இழையே இல்லாத எல்.இ.டி. விளக்குக்கும் இந்த விடை பொருந்தாது. பினே பிராக் நகரில் வாழ்ந்தவரும், தம் நூலின் பெயரான ஹசோன் இஷ் என்பதாலேயே அறியப்பட்டவருமான ஆபிரகாம் இசாயா கரெலிட்ஸ் (1878–1953) வேறு வழியில் சென்றார். அறுந்து கிடக்கும் சுற்றை இணைப்பவர் செத்த கம்பிக்கு உயிரூட்டி, பயனற்ற பொருளைப் பயனுள்ள கருவியாக உருவாக்குகிறார். ஆகவே அது 'கட்டுதல்' என்பதே அவரது வாதத்தின் சாரம். எருசலேமின் சலோமோ சல்மான் அவெர்பாக் (1910–1995) இதை ஏற்கவில்லை. நாள்தோறும் திறந்து மூடுவதற்கென்றே அமைந்த கதவைச் சாத்துவதை எவரும் கட்டுமானம் என்று சொல்வதில்லை. சுவிட்சும் அத்தகையதே என்றார். இப்படி மறுத்தவரும்கூட நடைமுறையில் சுவிட்சைத் தொட இசைவளிக்கவில்லை என்பது, வாதம் ஒரு பக்கமும் வழக்கம் ஒரு பக்கமும் நின்றால் சமயச் சட்டம் எதன் பின்னால் நடக்கும் என்பதைக் காட்டுகிறது.

இந்த வழக்கில் அதிகம் பேசப்படாத பொருள், வீட்டின் மின்பகிர்வுப் பெட்டியில் அமர்ந்திருக்கும் பிரேக்கர். அதனுள் இரண்டு காவல்கள் உள்ளன. ஷார்ட் சர்க்யூட் நேர்ந்தால் காந்தச் சுருள் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கிறது. தாங்கும் அளவைச் சற்றே மீறிய சுமை தொடர்ந்தால், வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை மெல்ல மெல்ல வளைந்து, பல நிமிடங்கள் கழித்துக்கூட நெம்பைக் கீழே தள்ளுகிறது. அவெர்பாக்கின் கதவு உவமை சுவிட்சுக்குப் பொருந்தும் அளவுக்குப் பிரேக்கருக்குப் பொருந்தாது. பிரேக்கர் நாள்தோறும் திறந்து மூடுவதற்கன்று, மூடியே இருப்பதற்காக வைக்கப்படுவது. அது திறந்தால் ஏதோ பிழை நேர்ந்திருக்கிறது என்று பொருள். விழுந்த நெம்பை உயர்த்துவது பழுதைச் செப்பனிடுவதற்கு மிக அருகில் நிற்பதால், பலருக்கு விசித்திரமாகத் தோன்றும் ஹசோன் இஷ்ஷின் கருத்து இங்கேதான் தன் முழு வலிமையைப் பெறுகிறது. பழைய ஃபியூஸில் உருகிய கம்பிக்குப் பதில் புதுக்கம்பி கட்டிய காலத்தில் இது ஐயத்துக்கே இடமின்றிச் செப்பனிடலாக இருந்தது. நெம்பு வந்தபின் வேலை சுருங்கியதே தவிர அதன் தன்மை மாறிவிட்டதா என்பது எளிதில் தீரும் கேள்வி அன்று.

நெம்பு தானாக விழுவது யாருடைய செயல்? மிஷ்னாவின் சப்பாத் பகுதியில், 16ஆம் இயலில், இதற்கு வியப்பூட்டும் முன்னோடி ஒன்று இருக்கிறது. ஓய்வுநாளில் வீட்டில் தீப்பற்றினால் அது பரவாதபடி பாத்திரங்களை வரிசையாக அடுக்கித் தடுப்பு அமைக்கலாம், அவை வெறுமையாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் சரி என்று அறிஞர்கள் இசைந்தனர். ரபி யோசே மட்டும், நீர் நிறைந்த புது மண்பானைகளை வைக்கலாகாது என்று தடுத்தார். நெருப்பின் சூடு தாங்காமல் அவை வெடித்து நீரைக் கொட்டித் தீயை அணைத்துவிடும் என்பது அவர் கூறிய காரணம். வெப்பம் வரம்பு மீறும்போது தன்னை உடைத்துக்கொண்டு ஆபத்தை நிறுத்தும் பொருள் என்ற அளவில், அப்பானைக்கும் பட்டை வளைந்து விழும் பிரேக்கருக்கும் வேறுபாடு சிறிதே. பெரும்பான்மையோர் பானைக்கு இசைந்ததற்குத் தல்மூத், அதாவது மிஷ்னா மீதான பெருவிவாதத் தொகுப்பு, ஒரு நுட்பமான கோட்டை இழுக்கிறது: விலக்கப்பட்டது செய்தல், நேரடியாகச் செய்யாமல், பின்னர் நிகழும்படி காரணம் அமைத்து வைப்பது விலக்கப்பட்டதன்று. இதற்கு கிரமா என்று பெயர். இந்தச் சலுகையைப் பொருளிழப்பு நேரும் இடங்களுக்கு மட்டும் என 16ஆம் நூற்றாண்டில் கிராக்கோவின் மோசே இஸ்ஸெர்லெஸ் சுருக்கினார். கோடு அழியவில்லை, குறுகியது.

ஆகவே ஓய்வுநாளில் பிரேக்கர் விழுவது எவர் மீதும் குற்றமாகாது. அதைப் பொருத்தியவரின் செயல் வேலைநாளிலேயே முடிந்துவிட்டது. அந்தச் செயலோ கவனம் மிகுந்தது. மின்பணியாளர் மெயினை அணைத்து, கம்பியில் மின்னழுத்தம் இல்லை என்பதைச் சோதனைக் கருவியால் உறுதிசெய்கிறார். மெயினை அணைத்த பின்னும் அதன் மேல்முனைக்கு வெளியிலிருந்து வந்து சேரும் கம்பியில் மின்சாரம் அப்படியே நிற்கும் என்பதை அவர் ஒரு கணமும் மறப்பதில்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக்கம்பிக்கு வழக்கமாக 16 ஆம்பியர் பிரேக்கரைத் தேர்கிறார். அடிக்கடி விழுகிறதே என்று கம்பியை மாற்றாமல் பிரேக்கரை மட்டும் பெரிதாக்கினால் காவலன் உறங்க, சுவருக்குள் கம்பி காயும். முனைத் திருகு தளர்ந்திருந்தாலும் அங்கேயே சூடேறும். இஸ்ரேலிய வீடுகள் பலவற்றில் இதே பெட்டிக்குள், பிரேக்கர்களுக்குப் பக்கத்தில், விளக்குகளைக் குறித்த நேரத்தில் ஏற்றி அணைக்கும் சப்பாத் கடிகாரமும் பொருத்தப்பட்டிருக்கும்.

உயிருக்கு ஆபத்தென்றால் இந்த விலக்குகள் அனைத்தும் ஒதுங்கிவிடும். மூச்சுக்கருவியை நம்பிக் கிடக்கும் நோயாளிக்காக நெம்பை உடனே உயர்த்துவது கடமை, கேட்டுக்கொண்டு நிற்பதே பிழை. அத்தகைய ஆபத்து இல்லாத வீட்டில், குளிர்காலத்து வெள்ளியிரவில் ஹீட்டரும் உணவைச் சூடாக வைத்திருக்கும் மின்தட்டும் ஒரே இணைப்பில் சேர்ந்து பிரேக்கரை வீழ்த்தினால், குடும்பம் இருட்டில் ஆறிய உணவை உண்கிறது. மறுநாள் இரவு மூன்று விண்மீன்கள் தென்பட்டு, ஓய்வுநாளை வழியனுப்பும் சடங்கு முடிந்த பின், வீட்டார் முதலில் ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதன் பிறகு நெம்பை உயர்த்துகின்றனர்.