நட்டு வளர்த்த பேராலயம்

ஓர் இடத்தைப் புனிதமானது என்று மனிதர் ஏற்றுக்கொள்வதற்கு அதன் தொன்மை எந்த அளவுக்குக் காரணமாகிறது என்பது சமயவியலில் நெடுங்காலமாக இருந்துவரும் கேள்வி. பெரும்பாலான வழிபாட்டிடங்கள் ஓர் அருளாளரின் வாழ்வையோ, அற்புத நிகழ்ச்சியையோ, முன்னோரின் கல்லறையையோ தமக்குச் சான்றாகக் காட்டுவதால், புனிதம் என்பதே காலம் படிந்து படிந்து உண்டாவது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. இதைச் சோதித்துப் பார்ப்பதற்கு, காலம் படிய இன்னும் நேரமே வாய்க்காத ஓர் ஊர் வேண்டும். நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாமுக்குக் கிழக்கே உள்ள அல்மேரே அத்தகைய ஊர்; 1968ஆம் ஆண்டுக்கு முன் அங்கே தண்ணீர்தான் இருந்தது.

அந்தத் தண்ணீர், வட கடலிலிருந்து நாட்டின் நடுப்பகுதி வரை புகுந்திருந்த சௌடர்சே என்னும் ஆழமற்ற விரிகுடாவின் ஒரு பகுதி. 1916 சனவரியில் அதன் கரைகள் உடைந்து ஊர்கள் மூழ்கியபின், பொறியாளரும் அமைச்சருமான கொர்னேலிஸ் லெலி முன்பே வகுத்திருந்த திட்டம் 1918இல் சட்டமாயிற்று. 1932இல் ஏறத்தாழ 32 கிலோமீட்டர் நீளமுள்ள அணை விரிகுடாவின் வாயை அடைக்க, உள்ளே நின்ற உப்புநீர் மெல்ல மெல்ல நன்னீர் ஏரியாக மாறியது. ஏரிக்குள் ஒரு பரப்பை வளைத்துக் கரையெழுப்பி, உள்ளிருக்கும் நீரை இறைத்துப் பெறுகின்ற தாழ்நிலத்தை டச்சு மொழியில் போல்டர் என்பர். இவ்வாறு 1968இல் வெளிப்பட்ட தெற்கு ஃபிளேவோலாந்துப் போல்டரின் சேற்றில் விமானத்திலிருந்து நாணல் விதை தூவப்பட்டது. நாணல் ஈரத்தை உறிஞ்சி மண்ணை இறுகச் செய்தபின், 1976 நவம்பர் இறுதியில் முதற்குடும்பங்கள் புதுவீட்டுச் சாவிகளைப் பெற்றன. இன்று அங்கே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர்.

ஆம்ஸ்டர்டாமின் வீட்டு நெருக்கடியைத் தணிப்பதற்காகவே கட்டப்பட்ட துணைநகரம் இது. ஒரே மையத்தைச் சுற்றி வளராமல், இடையிடையே காடும் நீருமாகப் பிரிந்த பல குடியிருப்புகளின் தொகுதியாக அது வகுக்கப்பட்டது. பேருந்துகளுக்குத் தனிப் பாதை, மிதிவண்டிகளுக்குத் தனிப் பாதை, வீட்டுக்கு வீடு சிறு தோட்டம். 1987இல் தொடர்வண்டிப் பாதை வந்தபின், காலையில் பாலத்தைக் கடந்து ஆம்ஸ்டர்டாமுக்குச் செல்வதும் மாலையில் திரும்புவதும் ஊரின் நாடித்துடிப்பாயின. வாழ்வின் விழித்த பகுதியை வேறோர் ஊருக்குக் கொடுத்துவிட்டு உறங்க மட்டும் திரும்பும் ஊர் என்று இத்தகைய நகரங்களை இகழ்வதுண்டு. குழந்தை பிறப்பதும் நோயுற்றோரைப் பேணுவதும் இறந்தோருக்காக அழுவதும் மக்கள் திரும்பிவரும் இடத்தில்தான் நிகழ்கின்றன என்பதை அந்த இகழ்ச்சி மறந்துவிடுகிறது.

சமய வரலாற்றிலும் இந்நகரம் ஒரு திருப்பத்தில் நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் டச்சுச் சமுதாயம் ‘தூண்களாக’ப் பிரிந்திருந்தது, அதாவது கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையினர், சமதருமவாதிகள் ஆகிய ஒவ்வொரு பிரிவினருக்கும் பள்ளி, நாளிதழ், தொழிற்சங்கம், வானொலி எல்லாம் தனித்தனி. 1942இல் வடிக்கப்பட்ட வடகிழக்குப் போல்டரில் குடியேறுவோரைத் தேர்ந்தெடுக்கும்போது இப்பிரிவுகளும் கணக்கில் கொள்ளப்பட்டன. அங்கே சிற்றூர்களிலும் மூன்று சபைகளின் மூன்று ஆலயங்கள் எழுந்தன. அல்மேரே பிறந்தபோதோ அத்தூண்கள் சரிந்துகொண்டிருந்தன. 2017ஆம் ஆண்டின் அரசுப் புள்ளிவிவரப்படி, நெதர்லாந்தில் 15 வயதுக்கு மேற்பட்டோருள் பாதிக்கும் அதிகமானோர் எச்சமயத்தையும் சாராதவர்கள். முன்னோரின் கல்லறையும் இல்லை, முன்னோரின் சமயமும் பலருக்கு இல்லை என்ற நிலையில் ஓர் ஊர் எதைப் புனிதமெனக் கொள்ளும்?

முன்னோரே இல்லை என்பதும் முழு உண்மையன்று. அல்மேரே அமைந்த ஃபிளேவோலாந்து மாகாணத்தில் நீர் வடிந்தபோது சேற்றிலிருந்து 400க்கும் மேற்பட்ட கப்பல்களின் சிதைவுகள் வெளிப்பட்டன. அதற்கும் கீழே, கடல் வருமுன் அங்கே வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த மக்களின் அடுப்புத் தடங்கள், 6,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை, கிடைத்துள்ளன. ஆயினும் இன்று வாழ்வோரோடு அவர்களை இணைக்கும் நினைவோ பெயரோ வழிபாடோ இல்லை.

இந்த ஊரின் தென்கிழக்கே, 1987ஆம் ஆண்டில், மாரினஸ் பூஸெம் என்ற கலைஞர் 178 பாப்லர் கன்றுகளை நட்டார். நெட்டிலிங்கம் போல ஒடுங்கி ஓங்கி வளரும் வகையைச் சேர்ந்தவை அவை. பிரான்சின் ரெய்ம்ஸ் நகரப் பேராலயத்தின் தரைப்படத்தில் தூண்கள் நிற்கும் இடங்களே கன்றுகளுக்குரிய இடங்கள். நீளம் 150 மீட்டர், அகலம் 75 மீட்டர். மேற்கூரையின் வளைவுகளைத் தாங்கும் கல்விலாக்கள் மேலே எவ்வாறு குறுக்கிட்டுச் செல்கின்றனவோ அவ்வாறே தரையில் பாதைகள் பதிக்கப்பட்டன. 1211இல் கட்டத் தொடங்கிய ரெய்ம்ஸ் பேராலயம் பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடிய இடம். 1914இல் குண்டுவீச்சில் எரிந்து, பின்னர் சீர்செய்யப்பட்டது. கல்லும் எரியும் என்பதை அறிந்த ஓர் ஆலயத்தின் வடிவம் மரத்தில் எழுப்பப்பட்டது பொருத்தமே. ‘பசுமைப் பேராலயம்’ எனப்படும் அதற்குக் கூரையில்லை, பலிபீடமில்லை, எச்சபையின் திருநிலைப்பாடும் இல்லை. எனினும் மணம் முடிக்கவும் இறந்தோருக்கு விடைகொடுக்கவும் மக்கள் அங்கே கூடுகின்றனர்.

இதைப் புனிதம் என்று ஒப்புக்கொள்ளலாமா? சமய வரலாற்றாய்வாளர் மிர்சியா எலியாட், 1957இல் வெளிவந்த தம் நூலில், புனித இடத்தை மனிதர் தேர்ந்தெடுப்பதில்லை, அது அவர்களுக்குத் தன்னை வெளிப்படுத்துகிறது என்று வாதிட்டார். அவ்வாறாயின், அரசு அலுவலகத்தில் வரைபடம் போட்டு உருவாக்கிய நிலத்தில், கலைஞர் ஒருவர் வரைபடம் போட்டு நட்ட தோப்பு வெறும் கலைப்பொருளாகவே நிற்கும். அக்கன்றுகள் நடப்பட்ட அதே 1987இல் வெளிவந்த நூலொன்றில் மற்றொரு சமய வரலாற்றாய்வாளரான ஜோனதன் ஸ்மித் இதற்கு மாறான முடிவுக்கு வந்தார்: இடம் புனிதமாக இருப்பதால் சடங்கு நிகழ்வதில்லை, மனிதர் கவனத்தைக் குவித்துச் செய்யும் சடங்கே இடத்தைப் புனிதமாக்குகிறது. அல்மேரே ஸ்மித்தின் பக்கமே சாட்சி சொல்கிறது. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒன்றையும் அது சேர்த்துச் சொல்கிறது.

உலகைக் கடவுள் படைத்தார், நெதர்லாந்தை டச்சுக்காரர் படைத்தனர் என்றொரு பழமொழி உண்டு. நீரை ஓரிடத்தில் சேர்த்து உலர்ந்த தரையைத் தோன்றச் செய்த மூன்றாம் நாள் படைப்பை, விவிலியத்தின் ஆதியாகமம் கூறும் அப்படைப்பை, மனிதர் தமக்கு உரிமையாக்கிக்கொள்ளும் பெருமிதம் அதில் உள்ளது. அல்மேரேயின் நிலமோ அந்தப் பெருமிதத்தைத் தாங்காது. கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் தாழ்ந்த அந்நிலத்தில் மழைநீரும் ஊற்றுநீரும் இடைவிடாது சேர்ந்துகொண்டேயிருக்க, நகருக்கு வடக்கே கரைமேல் நிற்கும் நீரேற்று நிலையம் உள்ளிட்ட எந்திரங்கள் அதை ஓயாது ஏரிக்குள் இறைத்துத் தள்ளுகின்றன. அவை நின்றால் ஊர் மீண்டும் ஏரியாகும். படைப்பு ஒருமுறை நிகழ்ந்து முடிந்ததன்று, ஒவ்வொரு கணமும் காக்கப்படுவதாலேயே உலகு நிலைக்கிறது என்று கிறித்தவ இறையியல் கருதியது; கதிரவன் மறைந்தால் காற்றில் ஒளி நில்லாதது போல, இறைவன் தாங்காவிடில் பொருள்கள் நில்லா என்றார் தாமஸ் அக்குவைனஸ். நெதர்லாந்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பிரெஞ்சு மெய்யியலாளர் ரெனே டெக்கார்ட், 1641இல் வெளிவந்த தம் தியானங்களில், ஒன்றைக் காப்பதற்கும் புதிதாகப் படைப்பதற்கும் வேண்டிய ஆற்றல் ஒன்றே என்று அதை நிறுவ முயன்றார். கல்லின்மேலும் மலையின்மேலும் வாழ்வோர் எண்ணத்தால் மட்டுமே எட்டக்கூடிய இக்கருத்து, அல்மேரே மக்களுக்குக் காலடியிலேயே உள்ளது. ஆதலின் புனிதத்துக்குச் சடங்கோடு பராமரிப்பும் வேண்டும் என்பதே இந்நிலம் தரும் விடை. தொன்மை என்று போற்றப்படுவதும், உற்றுநோக்கினால், பல தலைமுறைகள் விடாமல் செய்த பராமரிப்பின் மறுபெயரே.

பாப்லர் நீண்ட ஆயுள் கொண்ட மரமன்று. சில பத்தாண்டுகளில் தளர்ந்துவிடும். பூஸெம் இதை அறிந்தே அதைத் தேர்ந்தார். அருகிலுள்ள காட்டின் நடுவே அதே பேராலயத்தின் வடிவில் மரமற்ற ஒரு வெளியையும் அவர் அமைத்தார். தூண்களாக நின்ற பாப்லர்கள் ஒவ்வொன்றாய்ச் சாயும் காலத்தில், சுற்றியுள்ள காடு உயர்ந்து சுவராகி, அந்த வெற்றிடமே ஆலயமாக நிற்கவேண்டும் என்பது அவர் கருத்து. அதற்குக் காடு உள்ளே பரவாதிருக்க வேண்டும். அவ்வெளியில் காற்று கொண்டுவந்து போடும் விதைகளிலிருந்து முளைக்கும் கன்றுகளை, அல்மேரேயில் யாரேனும் அவ்வப்போது வெட்டிக்கொண்டே இருக்கவேண்டும்.